பதினெட்டு நிமிடம் பேசிவிட்டு வேறு கடையில் வாங்கியவர்

சேலத்திலிருந்து ஒருவர் மாமாவின் கடைக்குப் போன் செய்து ஜமக்காளத்தைப் பற்றிப் பதினெட்டு நிமிடம் விசாரித்தார். விசாரித்து முடித்ததும், தான் நின்றுகொண்டிருந்த வேறொரு கடையிலேயே ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான். மாமாவுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள் மாதிரி இன்னும் உறுத்துகிறது.

மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. பவானியில் கூடுதுறைக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு ஜமக்காளக் கடை வைத்திருக்கிறார். நான் ஈரோட்டில் வெப்சைட் செய்துகொடுக்கிறவன். செய்துகொடுப்பதோடு, அதைத் தேடுபவர்கள் கண்ணில் படவைப்பதும் என் வேலை. எஸ்.இ.ஓ. என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இன்றுவரை அது என்னவென்று புரியவில்லை. மாமாவின் தளத்தைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கூலி, வருடத்துக்கு ஒரு ஜமக்காளம், போகும்போதெல்லாம் சாப்பாடு.

போன் வந்தபோது மாமா ஒரு பெரிய விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். கை ஓயவில்லை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, பவானி ஜமக்காளக் கடைங்களா? நான் சேலத்துல ஒரு ஜவுளிக் கடையில நிக்கறேங்க. கையில ஒரு ஜமக்காளம் இருக்கு. ஓரத்தத் தடவிப் பாக்கச் சொல்லியிருந்தீங்க. தடவிட்டேன். லேசா நெளியுது. நெளிஞ்சா நல்லதா, கெட்டதா?"

மாமா என்னைப் பார்த்தார். "நான் எப்பங்க சொன்னேன்?"

"நீங்க சொல்லலீங்க, ஏஐ சொல்லுச்சு. கடைசியில உங்க கடைப் பேரு பொடி எழுத்துல இருந்துச்சு. அதத் தொட்டா நம்பர் வந்துது. சரி, சொன்னவரையே கேட்டுடலாம்னு போட்டேன்."

அப்புறம் மாமா விரிப்பைக் கீழே வைத்துவிட்டார். ஓரம் நெளிவது கை நெசவுக்கு அடையாளம்தான் என்றார். கலர்ப் பட்டைகளின் அகலத்தை விரலால் அளந்து பார்க்கச் சொன்னார். எல்லாப் பட்டையும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருந்தால் சந்தேகப்படுங்கள் என்றார். புரட்டிப் பின்பக்கம் பார்க்கச் சொன்னார். நான்காக மடித்துத் தரையில் போட்டு, அது விறைப்பாகக் கிடக்கிறதா, துண்டு மாதிரி துவண்டு விழுகிறதா என்று கேட்டார். அந்த மனிதர் சேலத்துக் கடையில் அவ்வளவையும் செய்தார். கடைக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. கடைசியில் மாமா, "நல்ல சரக்குத்தானுங்க, எடுத்துக்கோங்க" என்று சொல்லி போனை வைத்தார்.

"மாமா, வந்த கிராக்கியை நீங்களே அடுத்த கடைக்குத் தள்ளி விட்டுட்டீங்க."

"சரக்கு நல்லாருந்தா நல்லாருக்குதுன்னுதான சொல்ல முடியும், கண்ணு. நம்மூர்த் தறியில நெஞ்சதாத்தான் இருக்கோணும். எவன் வித்தா என்ன, நெஞ்சவனுக்குக் கூலி போயிருக்குமல்லொ."

நெய்தவருக்குக் கூலி போயிருக்கும். விற்றவருக்கு லாபம் போயிருக்கும். வாங்கியவர் ஏமாறாமல் போனார். ஏஐக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். அந்த வாக்கியத்தைச் சொன்ன மாமாவுக்கும், தட்டச்சு செய்த எனக்கும்? பஸ்ஸில் ஈரோடு திரும்புகிற வழியெல்லாம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

38 மாவட்டங்களும் ஒரு பழமையும்

ஏஐ அந்த மனிதருக்குச் சொன்னது மாமாவின் வாக்கியமேதான். 2020 ஊரடங்கில் கடை சாத்தியிருந்த நாட்களில் மாமாவுக்குப் பொழுது போகவில்லை. தினமும் சாயங்காலம் எனக்குப் போன் போட்டுப் பழமை பேசுவார். நம் பக்கம் பழமை என்றால் பேச்சு என்று மற்ற ஊர்க்காரர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜமக்காளத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒருநாள் அவர் சொன்னதைப் பதிவு செய்து, அப்படியே தட்டச்சு செய்து, தளத்தில் ஒரு பக்கமாகப் போட்டேன். தலைப்பு, 'ஜமக்காளம் வாங்கும்போது'. அதில் கீவேர்டு, அதாவது மக்கள் தேடும் சொல், எதுவும் பார்த்து வைக்கவில்லை. மெனுவில்கூடச் சேர்க்கவில்லை. தொழில் தெரிந்தவன் செய்த பக்கம் மாதிரி அது இல்லை என்று எனக்கே கொஞ்சம் கூச்சம்.

தொழில் தெரிந்தவனாக நான் செய்திருந்தது வேறு. மாவட்டத்துக்கு ஒரு பக்கம். 'மதுரையில் பவானி ஜமக்காளம்', 'திருநெல்வேலியில் பவானி ஜமக்காளம்' என்று. உள்ளே எல்லாம் ஒரே சரக்கு, ஊர்ப் பெயர் மட்டும் மாறும். ஜமக்காளம், ஜமுக்காளம், சமக்காளம், ஜமக்காலம் என்று மக்கள் எத்தனை விதமாக எழுதித் தேடுவார்களோ அத்தனையும் பத்திக்கு ஒன்றாகத் தூவியிருப்பேன். தொடங்கியபோது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து வந்தன. ஐந்து பக்கம் சேர்த்தேன். 2020இல் மயிலாடுதுறை. அரசு பிரிக்கப் பிரிக்க எனக்கும் பக்கம் கூடி 38 ஆனது. இதையெல்லாம் உழைப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த மாதிரிப் பக்கங்களுக்கு எங்கள் தொழிலில் வாசல் பக்கம் என்று பெயர். உள்ளே வீடு இருக்காது, வாசல் மட்டும் ஊரெல்லாம் இருக்கும். 2015 மார்ச்சிலேயே கூகுள் இவற்றைக் கீழே தள்ளப்போவதாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் தமிழில் போட்டி குறைவு, பல வருடம் ஓடியது. 2024 மார்ச்சில் வந்த பெரிய மாற்றத்தில், தேடலில் மேலே வருவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்கள் எந்த முறையில் செய்யப்பட்டிருந்தாலும் குப்பைதான் என்று விதியே எழுதினார்கள். என் 38ம் அந்த வெயிலில் பனிபோலப் போயின. போகட்டும், விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அழிக்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் விற்ற லேகியங்கள்

தேர்த்திருவிழாவில் லேகியம் விற்பவர் வருடத்துக்கு ஒரு லேகியம் கொண்டுவருவார். போன வருட லேகியம் ஏன் பலிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நான் 2010இல் தொழிலுக்கு வந்தேன். முதல் கிளையண்ட் ஒரு மஞ்சள் வியாபாரி. அவருடைய பக்கத்தின் மூலநிரலில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், நாற்பது கீவேர்டுகளை எழுதிவைத்து அதற்குத் தனியாகக் காசு வாங்கினேன். அந்தக் கீவேர்டு வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து. காசைத் திருப்பித் தரவில்லை.

அப்புறம் வெளித் தொடுப்பு, அதாவது மற்றத் தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. ஊர் பேர் தெரியாத தளங்களிலெல்லாம் பதிந்து, நூற்றுக்கணக்கில் தொடுப்பு வாங்கி வைப்பேன். 2012 ஏப்ரலில் பென்குயின் என்று கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது, ஏறின ஏணியே பாம்பானது. அதற்கு முந்தைய வருடம் வந்த பாண்டா, சத்தில்லாத பக்கங்களைத் தள்ளியது. இனிமேல் கட்டுரை என்று, முந்நூறு சொல் கட்டுரைகளை விற்றேன். 2015 ஏப்ரல் 21, செல்போனுக்கு ஏற்ற தளங்களுக்குத்தான் போன் தேடலில் முன்னுரிமை. இனிமேல் மொபைல் என்றேன். அதற்கு அடுத்த வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து, நூற்பாலைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளிலிருந்து ஆடு மேய்க்கிற தாத்தா வரை கையில் இணையம். அந்தச் சமயம் மட்டும் நான் சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போயின. அதை என் தீர்க்கதரிசனம் என்று இரண்டு வருடம் சொல்லித் திரிந்தேன். கேள்வி பதில் வடிவத்தில் எழுதினால் தேடல் பக்கத்தில் அகலமாக இடம் கிடைத்தது. எல்லாத் தளத்திலும் கேள்வி பதில். 2023 ஆகஸ்டில் அதை அரசுத் தளங்களுக்கும் மருத்துவத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

இத்தனையிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. தேடினால் ஒரு பட்டியல் வரும். அதில் யார் மேலே, யார் கீழே என்பதுதான் சண்டை. திருப்பூரில் எனக்கு ஒரு பனியன் கம்பெனிக்காரர் கிளையண்ட். அவர் எந்த ரிப்போர்ட்டையும் படித்ததில்லை. "ஒன்னாவதா வருதா தம்பி?" அவ்வளவுதான் கேள்வி. ஏஐ எழுதும் சுருக்க விடை 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும் கூகுள் தேடலின் உச்சியில் உட்கார்ந்தபோது, பட்டியலே கீழே இறங்கிவிட்டது. பாதிப் பேர் தேடல் பக்கத்துக்கே போகாமல் சாட்ஜிபிடியில் கேட்கிறார்கள். பாதி என்றால் நிஜமாகப் பாதி இல்லை. என் வீட்டில் பாதி.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் கணக்குக் காட்டும் தேடல் கன்சோலில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று, உங்கள் பக்கம் எத்தனை முறை கண்ணில் பட்டது. இன்னொன்று, எத்தனை பேர் தொட்டு உள்ளே வந்தார்கள். முன்பெல்லாம் இரண்டும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இப்போது மேல்கோடு மேலேயும் கீழ்க்கோடு கீழேயும் போகிறது. உடுமலைப் பக்கம் அமராவதி முதலைப் பண்ணைக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும். அந்த மாதிரி இருந்தது மாமா தளத்தின் வரைபடம். போதாக்குறைக்கு, சுருக்க விடை வழியாக வந்தவர் எத்தனை பேர், பழைய நீலத் தொடுப்பு வழியாக வந்தவர் எத்தனை பேர் என்று கன்சோல் பிரித்துக் காட்டாது. எல்லாம் ஒரே கூட்டுத்தொகையில் கலந்து கிடக்கும். சேலத்துக்காரர் என் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு கிளிக். பதினெட்டு நிமிடத்துக்கு அதில் கட்டமே கிடையாது.

தரகர்

அடுத்த வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பவானி போனேன். மாமாவுக்கு இந்த அநியாயத்தைப் புரியவைத்தே தீர்வது என்று. முதலை வாயைக் காட்டினேன். நம் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தை எடுத்து, கொஞ்சம் மாற்றி, நம் பெயரைப் பொடி எழுத்தில் போட்டு, விடையாகக் கொடுத்துவிடுகிறார்கள், நம்மிடம் வர வேண்டியவர் அங்கேயே திருப்தியாகிப் போய்விடுகிறார் என்று சொன்னேன். கொஞ்சம் ஆவேசமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

மாமா ஜமக்காளக்காரர். பெயர் பறிபோவது பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகம். 1985ஆம் வருடத்துச் சட்டம் அது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருபது வருடமாக இருக்கிறது. இரண்டும் இருந்தும் சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறி விரிப்புகள் பவானிப் பெயரில் கடை கடையாகத் தொங்குகின்றன. விலையோ பாதி. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தவர்களின் பிள்ளைகள் பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மாமா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவுங்க பேரை எடுத்துட்டுப் போயி சரக்க மாத்துனாங்க. இவுங்க சரக்க எடுத்துட்டுப் பேரை விட்டுட்டாங்க. எனக்கென்னமோ இது தேவலையாட்டத் தெரியுது."

எனக்குத் தேவலையாகத் தெரியவில்லை. அப்போது அவர் அந்தியூர்க் கதையை எடுத்தார். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் தேர் சமயத்தில் நடக்கும் மாட்டுச் சந்தைக்கு அவருடைய அப்பாவோடு, அதாவது என் தாத்தாவோடு, சின்ன வயதில் போயிருக்கிறார். அங்கே விற்பவரும் வாங்குபவரும் நேராகப் பேசுவதில்லை. நடுவில் தரகர். துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார். ஆனால் விலைக்கு முன்னால் வாய்ப்பேச்சு இருக்கிறதே, அதுதான் தரகரின் வித்தை. எத்தனை பல், சுழி எப்படி, வண்டிக்கா ஏருக்கா, முட்டுமா, எல்லாம் அவரே சொல்வார். அவருக்கு எப்படித் தெரியும்? காலையில் மாட்டுக்காரர் சொன்னதுதான். பாதி நேரம் மாட்டுக்காரர் இல்லாதபோது சொல்லிக்கொண்டிருப்பார்.

"உங்க தாத்தன் தரகன்கிட்ட அளந்து அளந்துதான் பேசுவாரு. 'நம்ம வாயில வந்த சொல்லு, நம்மில்லாத எடத்துல பேசும்டா'ம்பாரு. நீ சொல்றது அந்தத் தரகன் கதையாட்டத்தான் இருக்குது. முன்ன உங்க கூகுள் கைகாட்டி மரம். இப்பத் தரகன். அவ்வளவுதான?"

எனக்கு அன்றைக்கு இது ஏறவில்லை. கைகாட்டி, தரகர் என்ற உவமை அழகாக இருந்தது, அடுத்த கிளையண்டிடம் சொல்லலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். சொல்லவும் செய்தேன். ஆனால் உள்ளே கோபம் அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி செய்த காரியம்

நோஸ்னிப்பட் என்று ஒரு குறி இருக்கிறது. ஒரு பக்கத்தின் தலைப்பகுதியில் அதைப் போட்டுவிட்டால், தேடல் முடிவில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட எடுத்துக் காட்ட மாட்டார்கள். ஏஐ விடைக்கும் நேரடியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏஐக்குக் கிடையாது, பழைய பட்டியலுக்கு மட்டும் உண்டு என்று பிரிக்க அதில் வழியில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் கதவு. மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், 'ஜமக்காளம் வாங்கும்போது' பக்கத்தில் அதைப் போட்டேன். வேண்டுமென்றால் உள்ளே வந்து படிக்கட்டும் என்ற வீம்பு.

மூன்று நான்கு வாரம் கழித்து என்ன ஆயிற்று பார்ப்போம் என்று, சேலத்துக்காரர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நானே கேட்டேன். பவானி ஜமக்காளம் அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடை வந்தது. மாமாவின் வாக்கியம் இல்லை. திட்டம் பலித்தது. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. 'பிசிறில்லாமல், ஓரங்கள் நேராகவும் சீராகவும் நெய்யப்பட்டிருப்பது தரமான பவானி ஜமக்காளத்தின் சிறப்பு' என்கிற மாதிரி. மாமா சொன்னதற்கு நேர் எதிர். இதை நம்பிக் கடைக்குப் போகிறவர் கை நெசவை ஒதுக்கிவிட்டு விசைத்தறியைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். யாரடா இந்த அறிவாளி என்று கீழே பொடி எழுத்தைப் பார்த்தேன்.

மாமாவின் கடைப் பெயர்.

தொட்டேன். 'தருமபுரியில் பவானி ஜமக்காளம்' திறந்தது. நான் எழுதியது. 38 பக்கத்திலும் அந்த வாக்கியம் இருந்தது, ஊர்ப் பெயர் மட்டும் மாறி. எழுதியபோது எனக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'ஓரம் சீரானது' என்றால் நல்லது போலக் காதில் விழுகிறதே என்று எழுதியிருக்கிறேன். அதை மனிதர்கள் படிப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. தேடுபொறி ஏறிப் போவதற்காகப் போட்ட ஏணிப்படி அது. ஏணிப்படி உண்மையா பொய்யா என்று யார் பார்ப்பார்கள்?

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பல வருடம் நான் எழுதிய அத்தனை தளங்களும் கண் முன்னால் வந்தன. அந்த மஞ்சள் வியாபாரியின் பக்கத்தில் குர்குமின் அளவைப் பற்றி ஏதோ எழுதினேனே, எங்கிருந்து எடுத்தேன்? கோயம்புத்தூர் கிரைண்டர் கடைக்கு, ஊத்துக்குளிக் கல் என்று எல்லா மாடலுக்கும் போட்டேனே, எல்லாம் ஊத்துக்குளிக் கல்தானா என்று அவரைக் கேட்டேனா? பட்டியல் காலத்தில் இந்த வாக்கியங்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. வந்தவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நம்பரைத் தேடிப் போன் செய்வார். கடைக்காரர் தன் வாயால் சரியானதைச் சொல்லிவிடுவார். நான் எழுதியது கதவோடு நின்றுவிடும். இப்போது அந்த வாக்கியம் கதவைத் தாண்டிப் போய், கடைக்காரர் இல்லாத இடத்தில், கடைக்காரர் பெயரில் பேசுகிறது. தாத்தா தரகரிடம் அளந்து பேசியது ஏன் என்று எனக்கு அந்த ராத்திரிதான் உறைத்தது. உவமையாகத் தெரிந்திருந்தது, விஷயமாகத் தெரியவில்லை.

விடிவதற்குள் நோஸ்னிப்பட்டை எடுத்தேன். 38 பக்கங்களையும் நீக்கி, அந்த முகவரிகளுக்கு வருபவர்களை மாமாவின் பழமைப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். மாமாவுக்கு இது இன்றுவரை தெரியாது. அவர் இதைப் படிக்க மாட்டார். அத்தை படிப்பார், சொல்லிவிடுவார்.

அதற்கப்புறம்

இப்போது எல்லோரும் கேட்பது, ஏஐ விடையில் நம் பெயர் வருவதற்கு என்ன செய்வது என்று. அதற்கும் லேகியங்கள் வந்துவிட்டன. ஏஐக்கென்று தனிக் கோப்பு, தனி நிரல், தனிக் கட்டணம். தங்கள் ஏஐ விடையில் இடம்பெறத் தனியாக எந்தக் குறியீடும் தேவையில்லை, வழக்கமான தேடலில் சேர்ந்து, துணுக்கு எடுக்கத் தடை இல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் கூகுளின் ஆவணத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் கிளையண்டுகள் முகம் வாடுகிறது. ஏதாவது விற்க மாட்டேன் என்கிறானே, இவனுக்குத் தொழில் தெரியாதோ என்று. ஒருவர் போயேவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு நான்தான் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தேன்.

நான் இப்போது செய்வது கொஞ்சம் மெதுவான வேலை. கடைக்குப் போய் உட்கார்ந்து, போனில் என்ன கேட்கிறார்கள், கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுகிறேன். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுகிறேன். இதுவரை ஒருவர்கூட முதல்முறையே சரி என்று சொன்னதில்லை. கிரைண்டர்க்காரர் பதினோரு இடத்தில் திருத்தினார். மாமாவின் தளத்தில் விரிப்பின் அளவுகள், எடை, விலை எல்லாம் எழுத்தில் போட்டிருக்கிறோம். விலையைப் போடுவதற்கு அவர் ரொம்பத் தயங்கினார், அக்கம்பக்கம் பார்ப்பார்களாம். முன்பு படத்துக்குள் இருந்த போன் நம்பர் இப்போது எழுத்தாகவே இருக்கிறது. மேப்பில் கடையின் நேரத்தைச் சரிசெய்தோம். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் கூட்டம் நெரியும் நாளில் கடை விடுமுறை என்று அது வருடக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் என் கைங்கரியம்தான்.

இதனால் வியாபாரம் கூடியதா என்றால், கூடியது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. முதலை வாய் மூடவும் இல்லை. மாத ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது, எதைக் காட்டிக் காசு கேட்பது என்பது இன்னும் எனக்குத் தீரவில்லை. கிளிக்குக்கு இவ்வளவு என்று கேட்க முடியாது, கிளிக் குறைகிறது. உண்மைக்கு இவ்வளவு என்று பில் போட்டால் சிரிப்பார்கள். இப்போதைக்கு உட்கார்ந்த நாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன், கொத்தனார் மாதிரி. திருப்பூர்க்காரர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒன்னாவதா வருதா?" என்கிறார்.

கன்சோல் சொல்லாததைக் கடையே சொல்லட்டும் என்று மாமாவிடம் ஒரு பழைய டைரியைக் கொடுத்து, போன் செய்பவர்களிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டு எழுதிவைக்கச் சொன்னேன். சொன்னபடி எழுதுகிறார். 'மேப்பு', 'ஏஐ', 'ஒறம்பறை சொல்லி' (உறவினர் சொல்லி), 'கோயிலுக்கு வந்தப்ப பாத்தது'. ஒருவருக்கு 'சும்மா' என்று போட்டிருந்தது. போன வாரம் போயிருந்தபோது புரட்டினேன். சேலத்துக்காரர் மறுபடியும் போன் செய்திருக்கிறார். அந்த ஜமக்காளத்தில் மஞ்சள் தண்ணீர் கொட்டிவிட்டதாம், எப்படிப் போக்குவது என்று கேட்டிருக்கிறார். சாயம் வெளுக்காமல் இருக்க ஜமக்காளத்தை நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஆனால் மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. அதனால் அலசிவிட்டு, கறை பட்ட இடத்தை மட்டும் சித்த நேரம் வெயில் காட்டச் சொல்லியிருக்கிறார் மாமா. இதையும் பக்கத்தில் சேர்க்கவா என்று கேட்டேன். சேர், ஆனால் 'சித்த நேரம்' என்பதை மாற்றிவிடாதே என்றார். டைரியில் அன்றைய தேதிக்கு நேராக அவர் கையெழுத்தில் இருந்தது:

'சேலம். மஞ்சக் கறை. வாங்கல.'